ஊரென்று நினைத்த பெயர்

“பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தாய், யோசப்பினா?”

“சொலெதாத், சிஞ்ஞோரா.”

“யார் சொல்லித் தந்த பெயர் அது?”

“ஒருவரும் இல்லை. மாதாவின் காலடியில் எழுதியிருந்தது. நானே பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன்.”

“அது என்னவென்று தெரிந்துதான் வைத்தாயா?”

“தெரியும். ஊரின் பெயர்.”

“ஊரா?”

“லூர்து மாதா மாதிரி, பாத்திமா மாதா மாதிரி. எங்கள் நாட்டில் மடு மாதா இருக்கிறா. அதுவும் ஊர்தான். இது ஸ்பெயினில் ஒரு ஊர். அப்படித்தானே?”

சிஞ்ஞோரா எமிலியானா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் யோசப்பினும் கூடச் சேர்ந்து சிரித்து, அத்தோடு அதை மறந்திருப்பாள். யோசப்பின் வேலை செய்த வீட்டின் சொந்தக்காரரான சிஞ்ஞோரா முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் ஸ்பானிய மொழி படிப்பித்தவர். பிழைவிட்ட பிள்ளையின் கொப்பியைப் பார்ப்பதுபோல அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“அது ஊர் இல்லை, மகளே. சொலெதாத் என்றால் தனிமை. ஒருவரும் இல்லாமல் இருப்பது.”

யோசப்பின் கையிலிருந்த அயன் பெட்டி மேசைவிரிப்பின் மேலேயே நின்றுவிட்டது. துணி கருகிய மணம் வந்த பிறகுதான் அதைத் தூக்கினாள்.

“பயப்படாதே. ஸ்பெயினில் இது வழக்கமான பெயர்தான். மாதாவின் பட்டங்களையெல்லாம் அவர்கள் பெண்பிள்ளைகளுக்கு வைப்பார்கள். டொலோரெஸ் என்றால் துயரங்கள். மெர்செதெஸ் என்றால் இரக்கங்கள். கொன்சுவேலோ என்றால் ஆறுதல்.” சிஞ்ஞோரா கருகிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். “நீ ஆறுதல் மாதாவிடம் போயிருக்கலாம். பலெர்மோவில் மாதாவுக்கா பஞ்சம்?”

“மாதா ஏன் தனிமை?”

“மகனை வெள்ளிக்கிழமை அடக்கம் செய்தார்கள். எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சனிக்கிழமை முழுக்க அந்தத் தாய் தனியே இருந்தாள். அந்தச் சனிக்கிழமைதான் சொலெதாத்.”

இந்தப் பேச்சு நடந்தபோது பிள்ளைக்கு ஐந்து மாதம். இப்போது அவளுக்கு இருபத்தேழு வயது. சிஞ்ஞோரா எமிலியானா கண்ணை மூடிப் பதினைந்து வருடமாகிவிட்டது. ஆனால் இன்று காலை, பலெர்மோவின் சீசாப் பகுதியில் மூன்றாம் மாடி வீட்டின் ஜன்னலோரம் உட்கார்ந்து, மகளின் வெள்ளை உள்ளாடைகளில் ஒவ்வொன்றாக ‘S’ என்ற எழுத்தைச் சிவப்பு நூலால் தைத்துக்கொண்டிருந்த யோசப்பினுக்கு, அந்தக் குரல் பக்கத்து அறையில் கேட்பதுபோலக் கேட்டது.

மடத்திலிருந்து வந்த பட்டியலில் அப்படித்தான் எழுதியிருந்தது. எல்லா உடுப்பிலும் பெயரின் முதலெழுத்து இருக்க வேண்டும். பூவேலையில்லாத துவாய் இரண்டு. கம்பளிக் காலுறை ஆறு சோடி. கறுத்த சப்பாத்து ஒரு சோடி. முகம் பார்க்கும் கண்ணாடி வேண்டாம்.

சனிக்கிழமை இது. திங்கட்கிழமை காலை விமானத்தில் சொலெதாத் ஸ்பெயினுக்குப் போகிறாள். அங்கே மலையடிவாரத்து ஊரொன்றில் இருக்கும் கார்மேல் மடத்தில் சேரப்போகிறாள். பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் வேலை செய்கிற சிஸ்டர்மாரின் மடமல்ல அது. உள்ளே போனவர்கள் வெளியே வராத மடம். வருடத்தில் நாலைந்து தரம் போய்ப் பார்க்கலாம், இடையில் கம்பித் தடுப்பு இருக்கும். “முதல் வருசம் சும்மா பாக்கிற காலம்தானே, பிடிக்காட்டித் திரும்பி வரலாம்” என்று யோசப்பினின் கணவன் அகஸ்ரின் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். யோசப்பினுக்குத் தன் மகளைத் தெரியும். ஆறு வயதில் நீச்சல் பழகப் போனபோதுகூட, குதித்த பிறகு ஒருநாளும் அவள் கரையைத் திரும்பிப் பார்த்ததில்லை.

‘போகாதை’ என்று ஒரு சொல். மாசி மாதம் மகள் விஷயத்தைச் சொன்ன அன்று தொண்டைவரை வந்த அந்தச் சொல் இன்றுவரை அங்கேயே நிற்கிறது. சோறு இறங்குகிறது, தண்ணீர் இறங்குகிறது, அது மட்டும் மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. வேறு தாயாக இருந்தால் அழுது புரண்டாவது சொல்லியிருப்பாள். யோசப்பின் எந்த வாயால் சொல்வாள்? பிள்ளையைக் கொண்டுபோய்க் கிடத்தியவளே அவள்தானே.

சொந்த ஊரான பேசாலையில் கலியாணம் முடித்து, இத்தாலியில் பலெர்மோவுக்கு வந்து, எட்டு வருடம் பிள்ளையில்லாமல் இருந்தாள். இரண்டு தரம் தங்கி, இரண்டு தரமும் நிற்கவில்லை. அப்போது நகரின் கால்சாப் பகுதியில் ஒரு பழைய மாளிகையின் படிகளைக் கழுவும் வேலை. முற்றத்தோடு ஒட்டி ஒரு சிற்றாலயம். பலெர்மோ இருக்கும் இந்தத் தீவை ஸ்பானியர் ஆண்ட காலத்தில் அவர்களுடைய போர்வீரர்கள் கட்டியது என்று சொன்னார்கள். உள்ளே கறுத்த வெல்வெட் உடுத்து, கைகளைக் கோத்து, விரலிடுக்கில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையோடு மாதா நின்றா. மற்ற மாதாக்களைப் போல அவவின் கையில் குழந்தை இல்லை. பிள்ளையில்லாதவளின் வேதனை பிள்ளையில்லாதவளுக்குத்தான் விளங்கும் என்று யோசப்பின் நினைத்தாள். நனைந்த துடைப்பத்தைக் கதவடியில் சாத்திவிட்டு முழங்காலில் நின்றாள்.

“ஒரு பிள்ளையைத் தாங்கோ, தாயே. உங்கடை பேரை வைக்கிறன். கொண்டுவந்து உங்கடை காலடியிலையே கிடத்துறன்.”

ஊரில் அது வழக்கம். நேர்ந்து பெற்ற பிள்ளையை நாற்பதாம் நாள் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பீடத்தடியில் கிடத்துவார்கள். அந்த நிமிடத்திலிருந்து அது கோயில் பிள்ளை. பிறகு தாய் உப்பும் மெழுகுதிரியும் வைத்து, எல்லாருக்கும் கேட்க வாய் திறந்து பிள்ளையைத் திருப்பிக் கேட்க வேண்டும். கோயில் மூப்பர் தூக்கிக் கொடுப்பார். கொடுத்து வாங்கின பிள்ளைக்கு ஒரு குறையும் வராது.

அந்த மாதாவே கொடுத்தா. நாற்பதாம் நாள் யோசப்பின் பிள்ளையைச் சால்வையில் சுற்றிக்கொண்டு தனியே போனாள். அகஸ்ரினுக்கு அன்று உணவகத்தில் லீவு கிடைக்கவில்லை. பிள்ளையைப் பீடத்தின் பளிங்குப் படியில் கிடத்திவிட்டு, பையிலிருந்து உப்பை எடுக்கக் குனிந்தாள். அதற்குள் ஆலயத்தின் காவல்காரக் கிழவர் சத்தம் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். “பைத்தியமா உனக்கு? மாசி மாதக் குளிரில் பச்சைப் பிள்ளையைக் கல்லிலா போடுவாய்? இது அநாதை மடம் இல்லை, பிடி!” பிள்ளையைத் தூக்கி அவளுடைய கையில் திணித்து, தோளைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டார். உப்பு பைக்குள்ளேயே கிடந்தது. யோசப்பின் வாய் திறக்கவேயில்லை.

கேட்காமல் எடுத்துக்கொண்டு வந்த பிள்ளை. முதலில் அதை அவள் பெரிதாக எடுக்கவில்லை. சிஞ்ஞோரா பெயரின் பொருளைச் சொன்ன பிறகுதான் அது பெரிதாகத் தெரிந்தது. தனிமை மாதாவின் பெயரை வைத்து, தனிமை மாதாவின் காலடியில் கிடத்தி, திருப்பிக் கேட்காமல் வந்துவிட்டாள். பெயரை மாற்றலாமா என்று நகரசபை அலுவலகத்தில் விசாரித்தாள். வழக்கறிஞர் வேண்டும், வருடக்கணக்கில் இழுக்கும், பெர்மெசோ என்ற வதிவிட அனுமதிப் பத்திரத்தில் பெயர் மாறினால் வதிவிட உரிமைக்கே சிக்கல் வரலாம் என்று பயமுறுத்தி அனுப்பினார்கள். அகஸ்ரினிடம் சொன்னாள். அவன் பிள்ளையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, “விடப்பா. நான் சொலே எண்டு கூப்பிடுறன். இத்தாலியனிலை சொலே எண்டால் சூரியன். முடிஞ்சுது கதை” என்றான். உப்பின் கதையை மட்டும் அவனிடமும் அவள் சொல்லவில்லை.

அந்த ஆலயத்தின் பக்கமே பிறகு அவள் போகவில்லை. போனால் மாதாவுக்கு ஞாபகப்படுத்தியது போலாகிவிடும் என்று பயம். வேறு பிள்ளையும் தங்கவில்லை. பள்ளிக்கூட இடைவேளையில் மகள் சுவரோரம் தனியே உட்கார்ந்து படித்தால் அந்தப் பெயர் நினைவுக்கு வரும். பிறந்தநாளுக்குக் கூப்பிட்ட பிள்ளைகளில் இரண்டு பேர் வராவிட்டால் அந்தப் பெயர் நினைவுக்கு வரும். உண்மையில் சொலெதாத் சந்தோசமான பிள்ளை. தாதி வேலைக்குப் படித்தாள், ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவளைத் தேடினார்கள். சிநேகிதி கிளறாவின் மகன் விதுரன், நல்ல பெடியன், போன வருடம் அவளைக் கலியாணம் கேட்டான். “உன்னைப் போல ஒருத்தன் கிடைக்கிறது அதிர்ஷ்டம், ஆனா எனக்கு வேறை இடத்திலை சொல்லியாச்சு” என்று அவள் சொன்னாளாம். யாரோ இத்தாலியப் பெடியன் என்றுதான் யோசப்பின் நினைத்தாள். அப்படி இருந்திருந்தால் எவ்வளவு நல்லது.

“யோசப்பினக்கா, கதவைத் திறவுங்கோ! கை சுடுது!”

கிளறா ஒரு பெரிய தட்டு நிறைய ரோல்ஸோடு உள்ளே வந்தாள். நாளைக்குத் தமிழ்ப் பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் பிரியாவிடை.

“இது முதல் தட்டு. இன்னும் ரெண்டு தட்டுப் பொரிக்கக் கிடக்கு. அகஸ்ரினண்ணை, உதென்ன, சூட்கேஸைத் தூக்கில போடுறியளோ?”

அகஸ்ரின் கைத்தராசில் சூட்கேசை மாட்டித் தூக்கிக்கொண்டிருந்தான். காலையிலிருந்து இது ஐந்தாம் தரம்.

“இருபத்திமூண்டு கிலோ கொண்டுபோகலாம், கிளறா. ஏழுதான் வருது. பாரும், ஏழு!” அவன் யாரோ தன்னை ஏமாற்றிவிட்டது போலச் சொன்னான். “மிளகாய்த்தூள் ஒரு கிலோ வைச்சன். வெளியிலை எடுத்து வைச்சிட்டாள். திருப்பி வைச்சன். திருப்பியும் எடுத்திட்டாள்.”

“கன்னியாஸ்திரிக்கு ஏனண்ணை மிளகாய்த்தூள்? உறைச்சால் செபம் பிழைச்சுப்போம்.” கிளறா சிரித்துக்கொண்டே யோசப்பினின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அக்கா, நீங்கள் குடுத்துவைச்சனீங்கள். எங்கடை சனத்திலை இஞ்சையிருந்து போற முதல் பிள்ளை. பங்குச் சுவாமி போன கிழமை பிரசங்கத்திலை உங்கடை பேரைச் சொல்லேக்கை எனக்குப் புல்லரிச்சுப்போச்சு. ‘தாயின்ரை தாராளம்’ எண்டார்.”

யோசப்பின் ஊசியில் கண்ணை வைத்திருந்தாள். “விதுரன் எப்பிடி?” என்று கேட்டாள்.

“அதை ஏன் கேக்கிறியள். மூண்டு நாளாச் சாப்பாடு இல்லை. கர்த்தரோடை போட்டி போட ஏலாதடா எண்டு சொல்லிப்போட்டன்.” சொல்லிவிட்டு கிளறா சடக்கென்று குரலைத் தாழ்த்தினாள். “நீங்கள் ஒருக்கால் போகாதை எண்டு சொல்லிப் பாக்கேல்லையே, அக்கா?”

“எப்பிடிச் சொல்லுறது?”

“ஓம். அதுதானே. சொன்னால் பாவம்.” கிளறா எழும்பி ரோல்ஸைத் துணியால் மூடினாள். “சொல்லப்படாது.”

சொல்லப்படாது என்று அவள் சொன்ன விதத்தில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. அவளுக்கும் ஒரு பிள்ளை இருக்கிறானே.

கிளறா போன பிறகு யோசப்பின் கடைசி எழுத்தைத் தைத்து நூலை அறுத்தாள். மகள் ஆஸ்பத்திரியில் அலுமாரித் திறப்பைக் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லிக் காலையிலேயே போயிருந்தாள். இரண்டு மணிக்குத்தான் வருவாள். அந்தச் சிற்றாலயம் சனிக்கிழமை காலையில் மட்டும்தான் திறக்கும். அந்த விஷயம் அவளுக்கு எப்போதும் தெரியும். வராத கடிதத்தை எதிர்பார்க்கிறவர்களுக்குத் தபால்காரனின் நேரம் தெரிந்திருப்பதுபோல.

“பாண் வாங்கியரப் போறன்” என்றாள்.

“பாண் கிடக்கே” என்றான் அகஸ்ரின், தராசைப் பார்த்தபடி.

“அது காணாது.”

பஸ்ஸில் ஏறும்போது பையில் ஒரு கிலோ கல்லுப்பும் இரண்டு மெழுகுதிரியும் இருந்தன. இருபத்தேழு வருடம் பிந்தி ஒரு கோயிலில் போய் என்னவென்று கேட்பது? மூப்பரும் இல்லை, சாட்சிக்குச் சனமும் இல்லை. கிழவர் செத்திருப்பார். மாதாவுக்குத் தமிழ் விளங்குமா என்றெல்லாம் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. தான் கேட்டால் மாதா தருவாவா என்பதுதான் பயம். இத்தனை வருடம் சும்மா வைத்துப் பார்த்துவிட்டு, போகிற நேரத்தில் வந்து கேட்கிறாளே, இவள் என்ன தாய் என்று நினைக்கமாட்டாவா?

மாளிகையைத் திருத்திச் சுவருக்கு வெளிர்மஞ்சள் பூசியிருந்தார்கள். முற்றத்தில் சுற்றுலாப் பயணிகளின் சக்கரப் பெட்டிகள். அவள் கழுவிய படிகளுக்குக் கண்ணாடித் தடுப்புப் போட்டிருந்தது. பக்கத்துச் சந்தில் மட்டும் பழையபடி துணிகள் காய்ந்தன, யாரோ ஒருத்தி மேல்மாடியிலிருந்து பிள்ளையைக் கத்திக் கூப்பிட்டாள். ஆலயத்தின் கதவு திறந்திருந்தது.

யோசப்பின் கதவடியில் தொங்கிய தடித்த திரையை விலக்கினாள். மாதா அப்படியே நின்றா. அதே கறுத்த உடுப்பு, அதே கைக்குட்டை. ஆலயத்துக்குள் ஒரே ஒரு ஆள் இருந்தாள். இரண்டாம் வாங்கில் இருந்த அந்த முதுகை ஆயிரம் முதுகுகளுக்குள்ளும் யோசப்பினால் கண்டுபிடிக்க முடியும்.

சொலெதாத் முழங்காலில் இல்லை. கைகூப்பியும் இல்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஒரு காலை மற்றக் காலின் மேல் வைத்து, வாங்கில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வீட்டில் சோபாவில் தகப்பனோடு இருந்து படம் பார்க்கும்போது அப்படித்தான் இருப்பாள்.

முழங்காலில் நின்று அழுதுகொண்டிருந்தால் யோசப்பின் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்திருப்பாள். தயங்குகிறாள், பயப்படுகிறாள் என்று ஒரு நம்பிக்கை வந்திருக்கும். இது வேறு. பிள்ளை சொந்த வீட்டில் இருக்கிறாள். சொந்த வீட்டில் இருக்கிறவளை யாரிடமிருந்து மீட்பது?

திரும்பிப் போய்விடலாம் என்று பின்னால் அடி வைத்தபோது திரையின் அடிக்கம்பி கல்லில் இடித்தது.

“அம்மா? இஞ்சை என்ன செய்யிறீங்கள்?”

“சும்மா… பாண் வாங்க வந்தனான்.”

“சீசாவிலையிருந்து கால்சாவுக்குப் பாண் வாங்கவே?” மகள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு சிரித்தாள். “நல்ல பொய் அம்மா. வாங்கோ வெளியிலை போவம். வாசலிலை காவல்கார மனிசி பூட்டப் பாத்துக்கொண்டு நிக்குது.”

இருவரும் சந்து வழியாக நடந்து கடற்கரைப் புல்வெளிக்கு வந்து ஒரு வாங்கில் இருந்தார்கள். கரையோரம் தகப்பன் ஒருவன் மகனுக்குப் பட்டம் விடப் பழக்கிக்கொண்டிருந்தான். நேப்பிள்சுக்குப் போகும் கப்பல் துறைமுகத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றது. சொலெதாத் தாயின் பையை வாங்கி மடியில் வைத்தாள். பாரமாக இருந்ததால் உள்ளே பார்த்தாள்.

“உப்பு? வீட்டிலை உப்பு முடிஞ்சுதே?”

“இல்லை.”

“பின்னை ஏன்?”

யோசப்பின் சொன்னாள். கடலைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். துடைப்பத்தைச் சாத்திவைத்து நேர்ந்தது, நாற்பதாம் நாள், பளிங்குப் படி, கிழவர், கேட்காமல் வந்தது. இவ்வளவு வருடம் யாருக்கும் சொல்லாத கதை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

மகள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள்.

“மம்மா மியா! அப்ப நான் இருபத்தேழு வருசமா மீட்காத பிள்ளையே? அந்தக் கிழவன் தூக்கித் தந்தது காணாதே அம்மா? சட்டப்படி கையிலை தந்திட்டார்தானே.”

“நான் வாயாலை கேக்கேல்லையே.”

“ஐயோ அம்மா.”

“சிரியாதை. பேரும் பிழை.”

“பேருக்கு என்ன?”

“உன்ரை பேருக்கு அர்த்தம் தெரியுமோ?”

“தெரியாமல்? பன்ரண்டு வயதிலை ஸ்பானிஷ் வகுப்பிலை ரீச்சர் சொன்னவ. பக்கத்திலை இருந்த ஜூலியா எனக்காக அழுதவள்.” சொலெதாத் காற்றில் பறந்த முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளினாள். “எனக்கு அழுகை வரேல்லை. பெருமையா இருந்தது. எல்லாரின்ரை அம்மாவும் வடிவான பேர், அதிர்ஷ்டமான பேர் எண்டு தேடி வைச்சிருக்கினம். என்ரை அம்மா படிகழுவுற வேலை செய்துகொண்டு, எட்டு வருசம் பிள்ளையில்லாமல் இருந்து, பிறந்த பிள்ளைக்குத் தனிமை எண்டு பேர் வைச்சிருக்கிறா. எவ்வளவு துணிச்சல் எண்டு நினைச்சன். அதுக்குப் பிறகுதான் தேடித் தேடி இந்தக் கோயிலைக் கண்டுபிடிச்சனான். எல்லாரும் விட்டிட்டுப் போன பிறகும் எழும்பிப் போகாமல் இருந்தவ. அவவைப் போல இருக்கிறதெண்டால் என்ன எண்டு இஞ்சையிருந்துதான் யோசிக்கத் துவங்கினன்.”

யோசப்பின் கடலை விட்டு மகளின் பக்கம் திரும்பினாள்.

“நீ ஒருநாளும் எனக்குச் சொல்லேல்லையே.”

“நீங்கள் தெரிஞ்சுதானே வைச்சனீங்கள். உங்களுக்கு ஏன் சொல்ல?”

“எனக்குத் தெரியாது பிள்ளை.”

“என்னது?”

“ஊர் எண்டு நினைச்சன்.” வார்த்தை உடைந்து உடைந்து வந்தது. “லூர்து மாதிரி, மடு மாதிரி. ஸ்பெயினிலை ஒரு ஊராக்கும் எண்டு… நான் ஒரு துணிச்சலும் காட்டேல்லை. எனக்கு ஒண்டும் தெரியாது.”

சொலெதாத் தாயைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பதினைந்து வருடமாக அவள் கட்டி வைத்திருந்த ஏதோ ஒன்று ஒரு பக்கமாகச் சரிவதை யோசப்பின் கண்டாள். கண்டவுடன் ஒரு நிமிடம் மனம் துள்ளியது. சரியட்டும், முழுதாக விழட்டும் என்று. மறுநிமிடம் அந்த நினைப்பே வெட்கமாக இருந்தது.

“ஊரே?” என்றாள் மகள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத குரல். “ஊரே அம்மா?”

“அப்ப நீ போறது என்ரை பிழையாலையே?”

பட்டம் ஒருமுறை புல்லில் மோதி, திரும்ப ஏறியது. மகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

“இல்லை. பேருக்காக ஒருத்தரும் மடத்துக்குப் போறேல்லை அம்மா. பேர் ஒரு கதவைக் காட்டினது. உள்ளுக்கை போய் இருந்து பாத்தது நான். எனக்கு அங்கை பிடிச்சிருக்கு. அது பிழையாலை வந்தாலும் பிடிச்சிருக்கு.”

“அங்கை போனாப் பேர் மாத்துவினமாமே?” யோசப்பின் ஒரு சின்ன நூலையாவது பிடிக்கப் பார்த்தாள். “கிளறா சொன்னவள்.”

“மாத்தலாம். நான் இதையே வைச்சிருக்கிறன் எண்டு கேட்டனான். ஓமெண்டிட்டினம்.”

அதுவும் போயிற்று. யோசப்பின் சேலைத் தலைப்பைத் தேடுவதுபோல ஜாக்கெட்டின் நுனியைப் பிடித்துக் கசக்கினாள். வாங்கிக் கொடுக்க இனி ஒன்றுமில்லை, தைக்க எழுத்துமில்லை. இரண்டு நாளில் மகளின் இந்தக் கை, இப்போது தன் முழங்காலில் கிடக்கும் இந்தக் கை, ஒரு கம்பிக்கு அந்தப் பக்கம் இருக்கும்.

சொலெதாத் உப்புப் பையைத் தாயின் மடியில் திருப்பி வைத்தாள். அவள் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. ஆஸ்பத்திரியில் வருத்தக்காரரின் பக்கத்தில் இருக்கும்போது வருகிற முகம்.

“ஒண்டு கேக்கட்டே? மாசியிலை சொன்ன நாள்தொட்டுப் பாக்கிறன். காலுறை வாங்கினீங்கள். துவாய் வாங்கினீங்கள். எல்லாரும் வாழ்த்தேக்கை பக்கத்திலை நிண்டு தலையாட்டினீங்கள். அப்பா அழுதார், எனக்குத் தெரியும், குளியலறையிலை தண்ணியைத் திறந்துவிட்டிட்டு அழுதார். நீங்கள் அழேல்லை. நீங்கள் சந்தோசமாத்தான் தாறீங்கள் எண்டு நினைச்சன். இண்டைக்கு ஒரு கிலோ உப்பைத் தூக்கிக்கொண்டு ரெண்டு பஸ் மாறி அவவிட்டைக் கேக்க வந்திருக்கிறீங்கள். ஏன் அவவிட்டை? போறது நான்தானே.”

“உன்னட்டை எப்பிடிக் கேக்கிறது?”

“வாயாலை.”

“கேட்டால் நிப்பியே?”

“தெரியாது,” என்றாள் மகள். “நிக்கமாட்டன் எண்டுதான் நினைக்கிறன். ஆனா நீங்கள் கேக்காமல் நான் போனால், கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டு ரெண்டு பேரும் சாகுமட்டும் யோசிச்சுக்கொண்டு இருப்பம்.”

நிற்கமாட்டாள். அதை அவளே சொல்லிவிட்டாள். நாளைக்கு மண்டபத்தில் ரோல்ஸ் இருக்கும், சுவாமி பேசுவார், சனம் கைதட்டும். திங்கட்கிழமை விமானம் ஏறும். எதுவும் மாறப்போவதில்லை என்று யோசப்பினுக்குத் தெரிந்தது. மாறாது என்று தெரிந்த பிறகுதான் தொண்டையில் நின்றது அசையத் தொடங்கியது. பாவமோ, மாதாவுக்குக் கோபம் வருமோ, தாராளமான தாய் என்று சொன்ன சுவாமி என்ன நினைப்பாரோ, ஒன்றும் அவளுக்கு இப்போது முக்கியமாகப் படவில்லை. பட்டம் விட்டுக்கொண்டிருந்த தகப்பனும் மகனும் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அவள் குரல் உயர்ந்தது.

“போகாதை பிள்ளை. எனக்கு நீ வேணும். என்னோடை இரு.”